மன்னிப்பதற்கு எதற்கு ஒரு சாவு?

வைகைக்கரையான் எழுதியது:

புனித வெள்ளி அன்று அலுவலக நண்பர் அழைத்ததால் அவருடைய சபையில் மூன்று மணி நேர ஆராதனைக்குப் போயிருந்தேன். இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றி ஏழு பேர் பேசினார்கள். பங்குனி வெயில் வெளியே கொளுத்துகிறது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி மூன்று மணி நேரமும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. பாட்டு வரும்போது மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேலி செய்ய இதை எழுதவில்லை என்பதற்காகத்தான் அந்தப் பாட்டியைச் சொல்கிறேன்.

பேசியவர்களில் ஒருவர் ஒரு வசனத்தை நாலைந்து முறை சொன்னார்: "இரத்தஞ்சிந்துதலில்லாமல் மன்னிப்பு உண்டாகாது." வீட்டுக்கு வந்த பிறகும் அது மனதை விட்டுப் போகவில்லை.

எங்கள் ஊரிலும் கிடா வெட்டு உண்டு. ஆனால் அது நேர்த்திக்கடன். பிள்ளை பிழைத்தால், கிணற்றில் தண்ணீர் வந்தால் வெட்டுகிறோம். "நான் செய்த தப்பை மன்னித்துவிடு, இந்தா ஆடு" என்று யாரும் வெட்டி நான் பார்த்ததில்லை.

பதினாறு வயதில் அம்மாவின் உண்டியலை உடைத்துக் காசு எடுத்தேன். கண்டுபிடித்துவிட்டாள். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் தட்டு வைத்துச் சோறு போட்டாள், அதோடு முடிந்தது. அவள் மன்னிப்பதற்கு யாரும் சாக வேண்டியிருக்கவில்லை. அம்மாவுக்கு முடிந்தது கடவுளுக்கு ஏன் முடியாது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மதம் மாற்றுவதற்கோ மட்டம் தட்டுவதற்கோ அல்லாமல், புரியும்படி சொன்னால் போதும்.

---

விடிவெள்ளி எழுதியது:

அண்ணா, நான் பதினெட்டு வருடமாக ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகள் இதே கேள்வியைக் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதையே சொல்கிறேன்.

ஒரு நீதிபதி. அவர் முன்னால் குற்றவாளிக் கூண்டில் நிற்பது அவருடைய சொந்த மகன். குற்றம் நிரூபணமாகிவிட்டது. மகன் என்பதற்காக விட்டுவிட்டால் அவர் நல்ல நீதிபதி இல்லை. தண்டித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால் நல்ல தகப்பன் இல்லை. அதனால் முழு அபராதத்தையும் விதிக்கிறார். பிறகு அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி வந்து, தன் பையிலிருந்து பணத்தை எடுத்துத் தானே கட்டுகிறார். நீதியும் நின்றது, அன்பும் நின்றது.

"பாவத்தின் சம்பளம் மரணம்" என்று ரோமர் 6:23 சொல்கிறது. அந்தச் சம்பளத்தை நாம் வாங்க வேண்டியிருந்தது. இயேசு வாங்கிக்கொண்டார். இதை நினைத்து நான் அழாத புனித வெள்ளி கிடையாது.

---

வைகைக்கரையான் எழுதியது:

நன்றி சகோதரி. மனதைத் தொடுகிற கதைதான். ஆனாலும் ஓர் இடத்தில் எனக்கு முட்டுகிறது. அபராதத்தை யார் கட்டினாலும் கருவூலம் ரசீது கொடுக்கும். தூக்குத் தண்டனையை அப்படி மாற்றிக்கொள்ள முடியுமா? கொலை செய்தவனுக்குப் பதிலாக அவன் அண்ணனைத் தூக்கில் போட்டால் அதை எந்த ஊரிலாவது நீதி என்பார்களா? இன்னொன்று. பணம் முழுவதும் கட்டியாகிவிட்டது என்றால் கடன் தீர்ந்துபோயிற்று. தீர்ந்த கடனை எப்படி "மன்னித்தேன்" என்று சொல்வது?

---

காயல்காற்று எழுதியது:

ஸலாம். இந்தக் கேள்வியைக் கல்லூரிக் காலத்தில் விடுதித் தோழனிடம் நானும் கேட்டேன். இன்றும் நல்ல சிநேகிதர்களாகத்தான் இருக்கிறோம். அதே உரிமையில் எங்கள் பக்கத்தைச் சொல்கிறேன்.

ஆதம் நபி தவறு செய்தார், வருந்தினார், இறைவன் அவருக்குச் சில சொற்களைக் கற்றுக்கொடுத்து மன்னித்தான் என்று திருக்குர்ஆன் 2:37 சொல்கிறது. விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது. ஒருவர் சுமையை மற்றவர் சுமக்க மாட்டார் என்பது 6:164. ஹஜ்ஜுப் பெருநாளில் நாங்களும் குர்பானி கொடுக்கிறோம். ஆனால் அந்த இறைச்சியும் இரத்தமும் அல்லாஹ்வைப் போய்ச் சேர்வதில்லை, உங்கள் இறையச்சம்தான் சேர்கிறது என்று 22:37 தெளிவாகச் சொல்லிவிடுகிறது. கறி பங்கு பிரித்து ஏழை வீட்டுக்குப் போகிறது.

விடிவெள்ளி சகோதரி, உங்கள் வேதத்திலேயே எசேக்கியேல் 18:20 இருக்கிறதே, "பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும், குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை" என்று. ஊதாரி மகன் உவமையில், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வருகிற மகனைத் தகப்பன் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்கிறார். கொழுத்த கன்றை அடித்தார்கள், சரி. ஆனால் அது விருந்துக்கு. மன்னிப்பு அதற்கு முன்பே, தெருவிலேயே கிடைத்துவிட்டது. இந்த உவமையைச் சொன்ன ஈஸா நபி (அலை), நீங்கள் இயேசு என்பவர், மன்னிப்புக்கு ஒரு பலி தேவை என்று நினைத்திருப்பாரா? இது என் உண்மையான சந்தேகம்.

---

பனைவிளை எழுதியது:

தாமதமாக வருகிறேன், கொஞ்சம் நீளமாகவும் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாற்பது வருடம் வேதபாடம் சொல்லிக்கொடுத்தவன் நான். கேள்வி கேட்ட தம்பியும் காயல்காற்று பாயும் தொட்டிருக்கிற இடங்கள் எங்கள் ஆட்களே ஆயிரம் வருடத்துக்கு மேலாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிற இடங்கள்தான்.

முதலில் அந்த வசனம். எபிரெயர் 9:22ஐ எல்லாரும் பாதியிலிருந்துதான் சொல்கிறார்கள். முழு வசனம்: "நியாயப்பிரமாணத்தின்படி கொஞ்சங்குறைய எல்லாம் இரத்தத்தினாலே சுத்திகரிக்கப்படும், இரத்தஞ்சிந்துதலில்லாமல் மன்னிப்பு உண்டாகாது." அந்தக் "கொஞ்சங்குறைய" என்ற சொல்லைப் பாருங்கள். எழுதியவருக்கு விதிவிலக்கு தெரியும். பழைய ஏற்பாட்டில் பலிச்சட்டங்கள் உள்ள புத்தகமான லேவியராகமத்தில், 5:11இல், ஆடு வாங்க வசதியில்லாதவன், இரண்டு புறாக்கூட வாங்க முடியாதவன், எப்பா என்ற அளவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவைப் பாவநிவாரண பலியாகக் கொண்டுவரலாம் என்று இருக்கிறது. ஏறக்குறைய இரண்டு லிட்டர் மாவு. அதில் ஒரு சொட்டு இரத்தம் கிடையாது. ஆனாலும் அவனுக்கு மன்னிப்பு உண்டு. ஆகவே "செத்தால்தான் மன்னிப்பேன்" என்று கடவுள் பிடிவாதமாக உட்கார்ந்திருந்ததாக அந்தப் புத்தகத்திலிருந்து எடுக்க முடியாது.

அப்படியானால் இரத்தம் எதற்கு? லேவியராகமம் 17:11 பதில் சொல்கிறது: "மாம்சத்தின் உயிர் இரத்தத்தில் இருக்கிறது." அவர்களுக்கு இரத்தம் என்றால் உயிர். அதே வசனத்தில், பலிபீடத்தின்மேல் பாவநிவிர்த்தி செய்ய அதை "உங்களுக்குத் தந்தேன்" என்று எபிரெய மூலத்தில் கடவுள் சொல்கிறார். நம் மனதில் ஓடும் படத்துக்கு இது நேர் எதிர். மனிதன் கொடுத்து, கடவுள் வாங்கி, கோபம் தணிகிறது என்று நாம் நினைக்கிறோம். இங்கே கொடுக்கிறவர் கடவுள்.

யூத அறிஞர் ஜேக்கப் மில்க்ரோம் லேவியராகமத்துக்கு மிகப் பெரிய விளக்கவுரை எழுதியவர், முதல் தொகுதி 1991இல் வந்தது. அவர் காட்டுகிற ஒரு விஷயம் என் பார்வையையே மாற்றியது. பாவநிவாரண பலியின் இரத்தத்தைப் பாவம் செய்தவன்மேல் தெளிப்பதில்லை. பலிபீடத்தின் கொம்புகளில் பூசுகிறார்கள், திரைக்கு முன்னால் தெளிக்கிறார்கள், வருடத்துக்கு ஒரு நாள் ஆலயத்தின் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் கொண்டுபோகிறார்கள். ஏன் இடத்தின்மேல்? ஊரார் செய்த அநியாயம் அடுப்புப் புகை மாதிரி ஆலயச் சுவரில் போய்ப் படிகிறது என்று அவர்கள் நம்பினார்கள். படிந்துகொண்டே போனால் கடவுள் அங்கே குடியிருக்க மாட்டார். அந்தக் கரியை உயிர் கொண்டு கழுவுகிறார்கள். தண்டனை என்ற பேச்சே அங்கு இல்லை.

அந்த ஒரு நாள்தான் பாவநிவிர்த்தி நாள். அதன் சடங்கு இன்னும் ஆச்சரியம். லேவியராகமம் 16. இரண்டு வெள்ளாட்டுக்கடா. ஒன்றை வெட்டி அதன் இரத்தத்தை உள்ளே கொண்டுபோகிறார்கள். இன்னொன்றின் தலையில் ஆசாரியன் இரண்டு கைகளையும் வைத்து, ஜனங்களின் அக்கிரமங்களையெல்லாம் அறிக்கையிடுகிறான். பாவத்தைச் சுமப்பது அந்த இரண்டாவது ஆடு. அதை வெட்டச் சொல்லவில்லை! "போக்காடு" என்று பெயர் வைத்து, ஆள் கூட்டிக்கொண்டுபோய் வனாந்தரத்தில் விட்டுவிடுகிறான். வெட்டுப்பட்டது ஒன்று, பாவம் சுமந்தது வேறொன்று. அந்தச் சபையில் பேசியவர் இந்த அதிகாரத்தையும் ஒரு முறை வாசித்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

இனி நம் தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். ரோமர் 3:25இல் இயேசுவை "கிருபாதாரபலி" என்கிறது பழைய மொழிபெயர்ப்பு. கிரேக்கத்தில் ஹிலாஸ்தேரியோன். அதே சொல் எபிரெயர் 9:5இல் வரும்போது "கிருபாசனம்" என்று போட்டிருக்கிறார்கள். அது உடன்படிக்கைப் பெட்டியின் பொன் மூடி, இரத்தம் தெளிக்கப்படும் இடம், கடவுளும் மனிதரும் சந்திக்கும் இடம். ஓர் இடத்தில் "பலி" என்றும் இன்னோர் இடத்தில் "ஆசனம்" என்றும் தமிழில் வந்ததால், இரண்டும் ஒரே சொல் என்பது நம் வாசகருக்குத் தெரியாமலே போய்விட்டது. கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் 1 யோவான் 2:2க்குக் "கழுவாய்" என்று போட்டார்கள். புறநானூற்றின் 34ஆம் பாட்டில் "வழுவாய் மருங்கில் கழுவாயும் உள" என்று ஆலத்தூர் கிழார் சொல்கிற அதே சொல். பலி என்றதும் நம் காதில் வெட்டரிவாள் விழுகிறது. கழுவாய் என்றால் கழுவுவது விழுகிறது. லேவியராகமத்துக்கு இரண்டாவதுதான் நெருக்கம் என்பேன்.

---

விடிவெள்ளி எழுதியது:

ஐயா, போக்காட்டை வெட்டச் சொல்லவில்லை என்பதை நான் கவனித்ததே இல்லை. இப்போதுதான் எடுத்து வாசித்தேன். ஆனால் இயேசுவைப் பற்றியது என்று நாம் வாசிக்கும் ஏசாயா 53ஐ என்ன செய்வீர்கள்? "நமக்குச் சமாதானத்தை உண்டுபண்ணும் ஆக்கினை அவர்மேல் வந்தது." ஆக்கினை என்றால் தண்டனைதானே? "கர்த்தரோ அவரை நொறுக்கச் சித்தமாகி" என்றும் இருக்கிறது. இதையெல்லாம் கழுவுவது என்று மாற்றிவிட முடியாதே.

---

பனைவிளை எழுதியது:

முடியாது அம்மா. அதை மழுப்ப எனக்கும் மனமில்லை. தண்டனையின் நிழல் ஏசாயாவில் இருக்கத்தான் செய்கிறது. அதே அதிகாரத்தின் 4ஆம் வசனத்தையும் சேர்த்துப் பாருங்கள்: "நாமோ, அவர் தேவனால் அடிபட்டு வாதிக்கப்பட்டு, சிறுமைப்பட்டவரென்று எண்ணினோம்." எண்ணியது நாம். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு தியானிக்கத்தான் வேண்டும். ஒன்றைப் பிடித்து மற்றதை விட்டால் தப்பான இடத்தில் போய் நிற்போம்.

---

கடலோரம் எழுதியது:

நான் கத்தோலிக்கன். வரலாற்றைக் கொஞ்சம் சேர்த்தால் வைகைக்கரையானுக்கு உதவும் என்று நினைக்கிறேன். விடிவெள்ளி சொன்ன நீதிபதி கதை கிறிஸ்தவத்தின் ஒரே விளக்கம் கிடையாது. ஆரம்பகால விளக்கமும் அது இல்லை.

திருச்சபையின் பழைய அடிப்படை அறிக்கையான நிசேயா விசுவாச அறிக்கையில், இயேசு சிலுவையில் அறையப்பட்டது "நமக்காக" என்று மட்டும்தான் இருக்கிறது. எப்படி நமக்காக என்று விளக்கவில்லை. கிறிஸ்துவின் இயல்பைப் பற்றித் தீர்மானம் போட்ட பழைய பொதுச்சங்கங்கள் இதைப் பற்றி ஒரு கோட்பாட்டையும் கட்டாயமாக்கவில்லை. அதனால் ஆளுக்கு ஒரு படம் வரைந்தார்கள். நான்காம் நூற்றாண்டில் நிசாவின் கிரகோரியார், சாத்தான் நம்மைப் பிடித்து வைத்திருந்தான், இயேசு தூண்டில் இரையாகப் போனார், இரையை விழுங்கியவன் உள்ளே இருந்த முள்ளில் மாட்டிக்கொண்டான் என்றார். அவருடைய நண்பர் நசியான்சின் கிரகோரியார் அதை ஏற்கவில்லை. கொள்ளைக்காரனுக்கா கடவுள் விலை கொடுப்பார் என்று கேட்டார். சரி, தந்தைக்குக் கொடுத்தாரா என்றால், ஆபிரகாம் பலியிடக் கொண்டுவந்த மகன் ஈசாக்கையே பலியாக வாங்காத தந்தை தன் ஒரே மகனின் இரத்தத்தில் எப்படி மகிழ்வார் என்று அதையும் கேட்டார். வைகைக்கரையான் கேட்பதை 1,600 வருடத்துக்கு முன்னால் ஓர் ஆயரே கேட்டிருக்கிறார்.

1098இல் கான்டர்பரி பேராயர் அன்செல்ம் ஒரு நூலை முடித்தார், கடவுள் ஏன் மனிதனானார் என்பதுதான் தலைப்பு. போசோ என்ற சீடனோடு உரையாடல். இரக்கத்தால் சும்மா மன்னித்துவிட்டால் என்ன என்று போசோ கேட்கிறான். "பாவத்தின் கனம் எவ்வளவு என்று நீ இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை" என்கிறார் அன்செல்ம். அவருடைய காலம் பிரபுக்களின் காலம். மானத்தைக் கெடுத்தவன் அதை ஈடுகட்ட வேண்டும், இல்லையென்றால் தண்டனை. ஈடு அல்லது தண்டனை, இரண்டில் ஒன்று. கிறிஸ்து ஈடுகட்டினார், அதனால் தண்டனைக்கே இடமில்லை. பதினாறாம் நூற்றாண்டில் சட்டம் படித்த சீர்திருத்தவாதி கால்வின் வந்து, அந்த ஈடே தண்டனையை ஏற்றதுதான் என்றார். நீதிபதி கதையின் வேர் அங்கே இருக்கிறது. தீர்த்த கடனை எப்படி மன்னிப்பது என்ற கேள்வியையும் அதே நூற்றாண்டிலேயே சொசீனுஸ் என்ற இத்தாலியர் எழுப்பிவிட்டார்.

எனக்குப் பிடித்தது பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ். கடவுள் நினைத்திருந்தால் இயேசுவின் சிலுவைப் பாடுகள் இல்லாமலே மன்னித்திருக்கலாம், அதில் அநீதி எதுவும் இல்லை, ஏனென்றால் அவருக்கு மேலே நீதிமன்றம் கிடையாது என்கிறார். சிலுவை கட்டாயம் அல்ல, ஆனால் அதைவிடப் பொருத்தமான வழி வேறில்லை என்பது அவர் முடிவு. ஆகவே "ஏன் தேவை?" என்ற கேள்விக்கு எங்கள் மரபிலேயே ஒரு பெரிய ஆள் "அந்த அர்த்தத்தில் தேவையில்லை" என்று சொல்லியிருக்கிறார்.

---

வைகைக்கரையான் எழுதியது:

இவ்வளவு பேர் இவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் புதிது. கடலோரம், நன்றி.

சைவக் குடும்பத்தில் வளர்ந்தவன் நான். சாவு ஏன் என்று யோசித்தபோது பாற்கடல் கடைந்த கதை ஞாபகம் வந்தது. ஆலகாலம் கிளம்பிவிட்டது. அதை இல்லை என்று சொல்ல முடியாது, கீழே கொட்டவும் முடியாது, யாராவது குடித்தாக வேண்டும். ஈசன் எடுத்துக் குடித்துக் கழுத்தில் நிறுத்திக்கொண்டான். நீங்கள் சொல்வது இந்த மாதிரியா, அல்லது நான் வலிந்து பொருத்துகிறேனா? அப்படியே என்றாலும், நீலகண்டன் சாகவில்லையே. சுமந்தால் போதாதா, சாக வேண்டுமா?

---

பனைவிளை எழுதியது:

தம்பி, நீங்கள் வலிந்து பொருத்தவில்லை. எங்கள் கதையில் விஷம் கடலிலிருந்து வரவில்லை, மனிதர் ஒருவருக்கொருவர் செய்ததிலிருந்து வருகிறது என்பது வித்தியாசம். மற்றபடி, வெளியே வந்த ஒன்று எங்கேயாவது போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்பதைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். வகுப்பில்கூட இதை நான் சொன்னதில்லை.

என் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து கருப்பட்டி வியாபாரம் செய்தார்கள். பனங்காட்டு ஊர் எங்களுடையது. சிப்பமாகக் கட்டிக் கிட்டங்கியில் அடுக்கி, மழைக்காலத்தில் விலை ஏறும்போது அனுப்புவார்கள். 1979இல் சித்தப்பா வசூலுக்குப் போன பணம் பதினாலாயிரம் ரூபாயைச் சீட்டாட்டத்தில் விட்டுவிட்டார். அந்தப் பணம் எங்களுடையதுகூட இல்லை. காய்ச்சிக் கொடுத்த முப்பது நாற்பது வீடுகளுக்குப் போக வேண்டியது. ஒரு நாள் ராத்திரி வந்து திண்ணையில் உட்கார்ந்து அழுதார். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே போய், சித்தப்பா முன்பு எழுதிக் கொடுத்திருந்த புரோநோட்டைக் கொண்டுவந்து, லாந்தர் வெளிச்சத்தில் அவர் பார்க்கக் கிழித்தார். "போ, போய்ச் சாப்பிடு" என்றார். சித்தப்பாவுக்கு ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

எங்களுக்கு முடியவில்லை. அந்த வீடுகளுக்குக் காசு போயாக வேண்டுமே? அப்பா பனைவிளையை விற்றார். அதுவும் போதவில்லை. அம்மாவின் தாலிச் செயின் அடகுக்குப் போனது. மஞ்சள் கயிற்றோடு நான்கு வருடம் கோயிலுக்குப் போய்வந்தாள். கல்யாண வீடுகளில் சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடிக்கொள்வாள். நான் அப்போது பத்தாம் வகுப்பு. அந்தத் தலைப்பை அவள் இழுத்துவிடுகிற கை இன்றும் என் கண்ணில் இருக்கிறது.

மன்னிப்பு வாங்குகிறவனுக்கு இலவசம். கொடுக்கிறவனுக்கு இலவசமாக இருந்து நான் பார்த்ததில்லை. காயல்காற்று பாய் சொன்ன ஊதாரி மகனின் தகப்பனைப் பாருங்கள். ஆஸ்தியில் ஒரு பங்கு போய்விட்டது. மானமுள்ள பெரியவர் ஊர் பார்க்கத் தெருவில் ஓடுகிறார். மூத்தவன் வீட்டுக்குள் வராமல் கோபித்துக்கொண்டு வெளியே நிற்கிறான், அவனிடமும் போய்க் கெஞ்சுகிறார். பலி இல்லாத கதைதான் அது. ஆனால் அந்தத் தகப்பனுக்கு ஆன செலவு கொஞ்சமா?

கடவுள் மூன்றாவது ஆள் ஒருவரை அடித்து நம்மை விட்டார் என்று கேட்டால் அது அநீதிதான். அப்படி எங்கள் விசுவாசம் சொல்லவில்லை. பாதிக்கப்பட்டவரே, புரோநோட்டு வைத்திருந்தவரே, தன் கையால் கிழித்துத் தன் வீட்டு நகையால் அடைத்தார் என்கிறோம். பிதா வேறு, குமாரன் வேறு என்று இரண்டு கட்சியாகப் பிரித்துவிட்டால் இந்த உபதேசம் கொடூரமாகிவிடும். கிறிஸ்துவுக்குள் தேவனே இருந்து உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்று பவுல் சொல்வதை (2 கொரிந்தியர் 5:19) விட்டுவிட்டுப் பிரசங்கம் பண்ணுகிறவர்கள் தெரியாமலே இந்தக் கேட்டைச் செய்கிறார்கள்.

சரி, சாவு ஏன்? நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் அத்தனாசியுஸ் இதை நேராகவே கேட்கிறார்: மனந்திரும்பினால் போதாதா? வெறும் தப்பு மட்டும் என்றால் மனந்திரும்புதல் போதும் என்றே அவர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் தப்போடு சேர்ந்து அழிவும் மனிதனுக்குள் புகுந்துவிட்டது. வருத்தப்படுவதால் அது நிற்காது. மன்னிப்புக் கேட்டதும் சித்தப்பாவுக்குச் சீட்டாட்டப் புத்தி போய்விடவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆகவே சாகாதவர் சாகக்கூடிய உடம்பை எடுத்து, நாம் கிடக்கிற இடம்வரை, சாவுவரை இறங்கி வந்தார், உள்ளேயிருந்து அதை உடைத்தார் என்கிறார். இதில் சிலுவையோடு உயிர்த்தெழுதலும் சேர்ந்துதான் மீட்பு. கீழைத் திருச்சபைகள் இன்றும் இப்படித்தான் பாடுகின்றன. இன்னொன்று, அவர் இறந்தது பாவநிவிர்த்தி நாளில் இல்லை, பஸ்காவில். இஸ்ரவேலர் எகிப்தின் அடிமை வீட்டிலிருந்து வெளியேறிய ராத்திரியின் நினைவு நாள் அது.

---

முல்லை எழுதியது:

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு வருகிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

பனைவிளை ஐயா, உங்கள் அப்பா பெரிய மனிதர். ஆனால் நான் உங்கள் அம்மாவையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர்களிடம் யாராவது கேட்டார்களா?

எங்கள் குடும்பச் சொத்தைப் பொய்க் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டவர் எங்களுக்கு நெருங்கிய உறவு. அந்த வருடம் என் தங்கையின் படிப்பு நின்றது. கொஞ்ச காலம் கழித்து அந்த உறவினர் ஒரு கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, "இயேசுவின் இரத்தம் என் பாவத்தையெல்லாம் கழுவிவிட்டது, என் மனதில் சமாதானம் இருக்கிறது" என்று சாட்சி சொன்னார். கை தட்டினார்கள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் இன்றுவரை என் தங்கையிடம் வந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை, ஒரு சென்ட் நிலம் திரும்பி வரவில்லை.

அவரை மன்னித்தது யார்? இழந்தது நாங்கள், மன்னித்தது கடவுள் என்றால், எங்களுக்கு அதில் என்ன இடம்? அன்றிலிருந்து அந்தப் பாட்டைப் பாடவே எனக்கு வாய் வருவதில்லை.

---

காயல்காற்று எழுதியது:

முல்லை சகோதரி, உங்கள் தங்கைக்காக மனம் வலிக்கிறது.

எங்களிடம் ஹக்குல் இபாத் என்று ஒன்று உண்டு. அடியார்களின் உரிமை. தொழுகையை விட்டது போன்ற, தனக்குச் செய்த குற்றத்தை அல்லாஹ் மன்னிப்பான். அடுத்தவன் நிலத்தைப் பிடுங்கியதை அந்த அடுத்தவன் மன்னித்தாக வேண்டும், நிலத்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பலி விஷயத்தில் பனைவிளை ஐயாவோடு எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் அவர் என்ன சொல்வார் என்று கேட்க ஆசைப்படுகிறேன்.

---

பனைவிளை எழுதியது:

அம்மா முல்லை, உங்கள் கேள்விதான் இந்த இழையிலேயே கனமானது. என் அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. அப்பா கேட்கவில்லை. நானும் இந்த வயதுவரை அதை யோசித்ததில்லை. அவள் இப்போது இல்லை.

உங்கள் உறவினர் செய்ததற்கு வேதத்தில் இடமே கிடையாது. லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தை எடுத்துப் பாருங்கள். அயலானை ஏமாற்றி, பறித்து, பொய்ச்சத்தியம் பண்ணினவன் முதலையும் அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கையும் உரியவனுக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு அடுத்த வசனத்தில்தான் ஆட்டுக்கடா வருகிறது. வரிசை அப்படி. முதலில் இழந்தவன் வீடு, அப்புறம் பலிபீடம். இயேசுவும் மத்தேயு 5:23, 24இல், உன்மேல் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்கிறார். வரி வசூலிப்பவனான சகேயு, இரட்சிப்பு வந்த அன்றே நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான். யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவும் இதையே சொல்கிறது. மனிதனுக்கு மனிதன் செய்த குற்றத்தை, அந்த மனிதனைச் சமாதானப்படுத்தும்வரை, பாவநிவிர்த்தி நாள் நிவிர்த்தி செய்யாது.

கொல்லப்பட்டவன் பக்கத்தில் கடவுள் நிற்கிறார் என்பதுதான் சிலுவையில் எனக்குத் தெரிவது. ஏமாற்றியவனுக்குச் சௌகரியமாக அதைத் திருப்பிவிட்டோம் என்றால், அந்தக் குற்றம் பிரசங்கம் பண்ணுகிற எங்கள்மேல்தான் இருக்கிறது. பாட்டு வாயில் வராவிட்டால் பாடாதீர்கள் அம்மா. உங்கள் மௌனத்தை அவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

---

விடிவெள்ளி எழுதியது:

முல்லை அக்கா, அந்த மாதிரிக் கூட்டங்களில் நானும் கை தட்டியிருக்கிறேன். யார் சொத்து, யார் தங்கை என்று ஒரு நாளும் விசாரித்ததில்லை. வருத்தமாக இருக்கிறது.

வைகைக்கரையான் அண்ணா, நான் நீதிபதி கதையை முழுவதும் விடப்போவதில்லை. தப்பு தப்புதான், அதற்குக் கணக்கு உண்டு என்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். ஆனால் வரும் ஞாயிறு இரண்டு ஆடுகளின் படத்தைப் பலகையில் வரைந்து, எது வெட்டுப்பட்டது, எது பாவத்தைச் சுமந்தது, ஏன் என்று அவர்களையே கேட்கப்போகிறேன். சகேயுவின் கதையையும் அதோடு சேர்த்துவிடுவேன்.

---

வைகைக்கரையான் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நான் கிறிஸ்தவன் ஆகிவிடவில்லை, ஆகப்போவதாகவும் தெரியவில்லை. ஆனால் அந்தப் பாட்டி எதற்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்பது கொஞ்சம் பிடிபடுகிறது.

முல்லை அவர்கள் கேட்டதை வாசித்துவிட்டு நேற்று ராத்திரி அம்மாவுக்குப் போன் செய்தேன். உண்டியலை உடைத்தது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். அது மளிகைக் கடைப் பாக்கிக்கு அப்பா கொடுத்து வைத்திருந்த காசு. எனக்கு இது இத்தனை வருடம் தெரியாது. என் பெயரைச் சொன்னால் அப்பா பெல்ட்டை எடுப்பார் என்று, தானே சேலைக்காரனிடம் செலவழித்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறாள். அந்த இரண்டு நாளும் அப்பா அவளை ஏசிக்கொண்டிருந்தாராம். என்னிடம் அவள் பேசாமல் இருந்தது கோபத்தால் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயந்து பேசாமல் இருந்தேன் என்கிறாள்.

பனைவிளை ஐயா, இதில் ஒன்று உங்களுக்குச் சரியாகப் பொருந்தாது என்றும் தெரிகிறது. எங்கள் வீட்டில் கோபப்பட்டவர் ஒருவர், வாங்கிக்கொண்டவள் வேறு. உங்கள் கடவுளில் இரண்டும் ஒருவரே என்கிறீர்கள். அதை நான் இன்னும் யோசிக்க வேண்டும்.

அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அந்தக் காசு எங்கே போனது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.